மறுநாள் காலை அந்தப் பிள்ளை எங்கே?

(குழந்தைத் தொழிலாளர் முறை எதிர்ப்பு நாளையொட்டி ஆற்றிய சொற்பொழிவு)



இன்று ஜூன் 12. 2002ஆம் ஆண்டு முதல் உலகம் முழுவதும் குழந்தைத் தொழிலாளர் முறைக்கு எதிரான நாளாக இது கடைப்பிடிக்கப்படுகிறது. இந்த நாளில் நாம் பேரணி போகிறோம், பதாகை பிடிக்கிறோம், கை நீட்டி உறுதிமொழி எடுக்கிறோம். எல்லாம் நல்ல காரியம்தான். ஆனால் நான் உங்கள் முன் ஒரே ஒரு கேள்வியை வைக்க வந்திருக்கிறேன்.

ஒரு பட்டறையிலிருந்து ஒரு பிள்ளையை மீட்டார்கள் என்று செய்தி வருகிறது. அதிகாரிகள் வருகிறார்கள். படம் எடுக்கிறார்கள். முதலாளி மீது வழக்குப் பாய்கிறது. நாமும் நிம்மதியாகப் பத்திரிகையை மடித்து வைக்கிறோம். சரி, மறுநாள் காலை அந்தப் பிள்ளை எங்கே போனது?

பள்ளிக்கா? வேறொரு பட்டறைக்கா? அதைவிட மோசமான ஓர் இடத்துக்கா? இந்தக் கேள்விக்கு விடை வைத்துக்கொண்டு களம் இறங்கியவர்கள் வென்றிருக்கிறார்கள். விடை இல்லாமல் இறங்கியவர்கள், நல்ல மனத்தோடு இறங்கியிருந்தாலும், பிள்ளைகளுக்குக் கெடுதலே செய்திருக்கிறார்கள். இன்றைய என் பேச்சு முழுவதும் இதற்கான சாட்சியங்கள்தாம்.

முதலில் ஒன்றைத் தெளிவாக்கிவிடுகிறேன். பள்ளி விட்டு வந்த பிள்ளை அம்மாவுக்கு வெங்காயம் உரித்துக் கொடுப்பதையோ, விடுமுறையில் அப்பாவோடு வயலுக்குப் போய் வருவதையோ யாரும் குற்றம் சொல்லவில்லை. பிள்ளையின் படிப்பைப் பறிக்கிற வேலை, உடலைக் கெடுக்கிற வேலை, வயதுக்கு மீறிய வேலை, இவற்றைத்தான் சொல்கிறோம்.

இந்தப் போராட்டம் நேற்று தொடங்கியதல்ல. 1833இல் பிரிட்டிஷ் நாடாளுமன்றம் ஒரு தொழிற்சாலைச் சட்டம் இயற்றியது. பெரும்பாலான ஜவுளி ஆலைகளில் ஒன்பது வயது நிரம்பாத பிள்ளைகளை வேலைக்கு வைக்கக்கூடாது என்றது. அதற்கு மேல் பதின்மூன்று வயது வரையுள்ள பிள்ளைகளுக்கு நாளொன்றுக்கு இரண்டு மணி நேரமாவது பள்ளிக்கூடம் வேண்டும் என்றது. கவனியுங்கள், அந்தப் பழைய சட்டத்திலேயே பள்ளி இருக்கிறது! ஆனால் நாடு முழுவதற்கும் நியமிக்கப்பட்ட ஆய்வாளர்கள் எத்தனை பேர் தெரியுமா? நான்கே நான்கு பேர். சட்டம் பெரிது, கண்காணிக்கும் ஆள் குறைவு. கிட்டத்தட்ட இருநூறு ஆண்டுகளாகத் தொடரும் கதை இது.

1919இல் சர்வதேசத் தொழிலாளர் அமைப்பு பிறந்தது. அதே ஆண்டு வாஷிங்டனில் கூடிய முதல் மாநாட்டிலேயே, தொழிற்சாலை வேலைக்குக் குறைந்தபட்ச வயது பதினான்கு என்று ஓர் உடன்படிக்கை எழுதினார்கள். 1973இல் 138ஆம் உடன்படிக்கை வந்தது. பொதுவாக வேலைக்குச் சேரும் வயது பதினைந்துக்குக் குறையக்கூடாது, கட்டாயக் கல்வி முடியும் வயதுக்கும் குறையக்கூடாது என்றது. வேலையின் தொடக்கத்தைப் பள்ளியின் முடிவோடு கட்டிப்போட்டது அந்த வரி. 1989இல் குழந்தை உரிமைகள் உடன்படிக்கையை ஐ.நா. பொதுச்சபை ஏற்றது. காகிதத்தில் எல்லாம் சரியாக இருந்தது. காகிதத்தைத் தாண்டி உலகத்தின் மனசாட்சியை உலுக்கியவன் ஒரு சிறுவன்.

பாகிஸ்தானில் லாகூருக்கு அருகே முரித்கே என்றோர் ஊர். அங்கே இக்பால் மாசி என்றொரு பிள்ளை. குடும்பம் வாங்கிய 600 ரூபாய்க் கடனுக்கு ஈடாக, நான்கு வயதில் தரைவிரிப்புத் தறியில் உட்கார வைக்கப்பட்டான். ஆண்டுக்கணக்கில் முடிச்சுப் போட்டான். கடன் தீர்ந்ததா? தீரவில்லை. வளர்ந்தது! கொத்தடிமைக் கடனின் குணமே அதுதான். வேலை செய்யச் செய்யக் கரையாது, வாழ வாழக் கூடும். பத்து வயது வாக்கில், கொத்தடிமை ஒழிப்பு இயக்கத்தாரின் துணையோடு இக்பால் வெளியே வந்தான். மறுநாள் காலை எங்கே போனான்? பள்ளிக்குப் போனான். படித்தான். மேடை ஏறினான். தன்னைப் போன்ற பிள்ளைகளைத் தறியிலிருந்து எழுந்து வரச் சொன்னான். 1994 டிசம்பரில் அமெரிக்காவின் பாஸ்டன் நகரில் அவனுக்கு விருது கொடுத்தார்கள். 1995 ஏப்ரல் 16 அன்று, சொந்த ஊருக்கு வந்திருந்தபோது, சுட்டுக் கொல்லப்பட்டான். அப்போது அவனுக்கு வயது பன்னிரண்டு.

அமெரிக்கா போயிருந்தபோது இக்பால் குவின்சி என்ற ஊரில் ஒரு நடுநிலைப் பள்ளிக்குப் போய் மாணவர்களோடு பேசியிருந்தான். அவன் இறந்த செய்தி கேட்டதும் அந்தப் பிள்ளைகள் என்ன செய்தார்கள்? அழுதார்கள், அதோடு நிற்கவில்லை. இக்பாலின் வயது பன்னிரண்டு, அவன் குடும்பக் கடன் அமெரிக்கப் பணத்தில் ஏறத்தாழப் பன்னிரண்டு டாலர், ஆகவே ஆளுக்குப் பன்னிரண்டு டாலர் தாருங்கள் என்று கேட்டுக் கடிதம் எழுதினார்கள். லட்சம் டாலருக்கு மேல் திரண்டது. அந்தப் பணத்தில் பாகிஸ்தானின் கசூரில் ஒரு பள்ளிக்கூடம் எழுந்தது. பின்வரிசையில் சீருடையோடு அமர்ந்திருக்கும் பிள்ளைகளே, இது உங்கள் வயதுக்காரர்கள் செய்த வேலை! பெரியவர்கள் பலருக்குத் தோன்றாதது அவர்களுக்குத் தோன்றியது. தறியிலிருந்து எழுந்து வருகிற பிள்ளைக்கு உட்கார ஒரு வகுப்பறை வேண்டும் என்று தோன்றியது.

இனி, பெரியவர்கள் செய்த ஒரு காரியத்தைப் பார்ப்போம். 1992. அமெரிக்க செனட்டர் டாம் ஹார்கின் ஒரு மசோதா கொண்டுவருகிறார். குழந்தைகள் உழைப்பில் உருவான பொருட்களை அமெரிக்காவுக்குள் விடக்கூடாது என்பது அதன் சாரம். நல்ல மனிதர், நல்ல நோக்கம். மசோதா சட்டமாகவே இல்லை. ஆனால் அந்தப் பேச்சு மட்டுமே வங்கதேசத்தின் ஆயத்த ஆடை ஆலைகளைக் கிடுகிடுக்க வைத்தது. அமெரிக்கச் சந்தை போய்விடுமோ என்ற பயத்தில், முதலாளிகள் பிள்ளைகளை அவசர அவசரமாக வெளியே அனுப்பினார்கள். ஏறத்தாழ 50,000 பிள்ளைகள் என்று யுனிசெஃப் மதிப்பிட்டது.

அன்பர்களே, மறுநாள் காலை அந்தப் பிள்ளைகள் எங்கே போனார்கள்? யுனிசெஃப் தேடிப் பார்த்தது. பலர் கல் உடைக்கும் இடங்களில் இருந்தார்கள். தெருவில் கூவி விற்றுக்கொண்டிருந்தார்கள். சிலர் பாலியல் தொழிலுக்குத் தள்ளப்பட்டிருந்தார்கள். ஊசி நூல் பிடித்த கை சம்மட்டி பிடித்தது. முன்பிருந்த கூலியும் போயிற்று, முன்பிருந்த கூரையும் போயிற்று. அமெரிக்கக் கடையில் சட்டை வாங்கியவர் மனம் தூய்மையானது, டாக்காவில் ஒரு பிள்ளையின் வாழ்வு இன்னும் ஒரு படி கீழே இறங்கியது. யார் மனத்தின் நிம்மதிக்காக நடந்த மீட்பு இது?

ஆனால் கதை அங்கே முடியவில்லை. அதனால்தான் இதைச் சொல்கிறேன். 1995 ஜூலை 4 அன்று டாக்காவில் ஆடை உற்பத்தியாளர் சங்கமும், யுனிசெஃபும், சர்வதேசத் தொழிலாளர் அமைப்பும் ஓர் ஒப்பந்தம் செய்துகொண்டன. பதினான்கு வயதுக்குக் குறைந்த யாரையும் புதிதாகச் சேர்க்கக்கூடாது. ஏற்கெனவே வேலையில் இருக்கும் பிள்ளையை, பள்ளியில் இடம் தயாரான பிறகே வெளியே எடுக்க வேண்டும். படிக்கும் பிள்ளைக்கு, வங்கதேசப் பணத்தில், மாதம் 300 டக்கா உதவித்தொகை. வீட்டில் வேலைக்குத் தகுந்த பெரியவர் இருந்தால் ஆலையில் வேலை. பின்னணியில் ஆய்வாளர் குழு. 8,000க்கும் மேற்பட்ட பிள்ளைகள் அந்தப் பள்ளிகளில் சேர்ந்தார்கள். அந்த 300 டக்கா, அவர்கள் முன்பு ஈட்டிய கூலிக்கு ஈடாகாது என்பது உண்மை. ஒப்பந்தம் வருவதற்குள் சிதறிப்போன ஆயிரக்கணக்கானவர்களைத் தேடிப் பிடிக்க முடியவில்லை என்பதும் உண்மை. ஆனாலும் உலகம் ஒரு பாடம் படித்தது. முதலில் பள்ளிக் கதவைத் திற, அப்புறம் ஆலைக் கதவை மூடு!

அடுத்த காட்சி சியால்கோட். பாகிஸ்தானில் உள்ள இந்த ஊர்தான் அப்போது உலகின் கையால் தைத்த கால்பந்துகளில் பெரும்பகுதியைத் தயாரித்தது. முப்பத்திரண்டு துண்டுகளைச் சேர்த்துக் கையால் தைத்தால் ஒரு பந்து. கிராமத்து வீடுகளில் அம்மா தைப்பாள், பக்கத்தில் பிள்ளையும் தைக்கும். 1996இல் அமெரிக்காவின் லைஃப் இதழில் ஒரு சிறுவன் பந்து தைக்கும் படம் வந்தது. விளையாட வேண்டிய வயதில் பந்து தைக்கிறானே என்று உலகம் பதறியது. 1997 பிப்ரவரியில் அட்லாண்டா நகரில் உடன்பாடு. வீட்டில் தைப்பதை நிறுத்தி, மேற்பார்வைக்கு வசதியாகத் தையல் கூடங்களுக்கு வேலை மாறியது. பிள்ளைகளுக்குப் பள்ளி வகுப்புகள் தொடங்கின. நல்லது. ஆனால் அந்தத் தாய்மார்கள்? வெளியே போய் ஆண்களோடு கூடத்தில் உட்கார்ந்து வேலை செய்ய அந்த ஊர் வழக்கம் இடம் கொடுக்கவில்லை. பல பெண்களின் வருமானம் நின்றது. பிறகுதான் பெண்களுக்கென்று தனிக் கூடங்கள் தேவை என்பது புரிந்தது. தாயின் கூலியைப் பறித்துவிட்டுப் பிள்ளையைப் படிக்க வைக்க முடியுமா? அடுப்பு எரியாத வீட்டுப் பிள்ளை எத்தனை நாள் பள்ளிக்குப் போகும்?

இந்தக் கேள்விக்குப் பிரேசில் ஒரு விடை கண்டது. அங்கே மாட்டோ குரோசோ டோ சுல் என்ற மாநிலத்தில் கரிச் சூளைகள். புகையிலும் அனலிலும் குடும்பம் குடும்பமாகப் பிள்ளைகள். 1996இல் அங்கே ஒரு திட்டம் தொடங்கினார்கள். பிள்ளை சூளைக்குப் போகாமல் பள்ளிக்குப் போனால் குடும்பத்துக்கு உதவித்தொகை. அதோடு விடவில்லை. பள்ளி நேரம் முடிந்த பிறகும் பிள்ளைகளுக்கு விளையாட்டும் படிப்புமாகக் கூடுதல் நேரம். ஏன்? பள்ளி மதியம் முடிந்தால் பிள்ளை மாலையில் சூளைக்குப் போய்விடும் அல்லவா? அந்த ஓட்டையையும் அடைத்தார்கள். 2003இல் போல்சா ஃபமிலியா என்ற பெரிய குடும்ப உதவித் திட்டம் வந்தபோது, பள்ளிப் பிள்ளைகளின் வருகை 85 சதவிகிதத்துக்குக் குறையக்கூடாது என்பது பணம் பெறுவதற்கான நிபந்தனையாயிற்று. பணத்தைக் கையில் கொடுத்து, பிள்ளையை வகுப்பில் காட்டு என்று அரசாங்கமே கேட்டது!

அப்படியானால் புறக்கணிப்பே கூடாதா, பொருளை வாங்கமாட்டோம் என்று சொல்லவே கூடாதா என்று நீங்கள் கேட்கலாம். கேட்க வேண்டும். அதற்கு உஸ்பெகிஸ்தான் பதில் சொல்கிறது.

உஸ்பெகிஸ்தானில் பருத்திதான் பெரும் பயிர். ஒவ்வோர் இலையுதிர் காலத்திலும் அரசாங்கமே பள்ளிகளை மூடும். ஆசிரியர்களே பிள்ளைகளை வயலுக்கு அழைத்துப் போவார்கள். மாவட்டத்துக்கு இவ்வளவு, பள்ளிக்கு இவ்வளவு என்று ஒதுக்கீடு. இங்கே குற்றவாளி ஏழைத் தகப்பன் அல்லன், பட்டறைக்காரனும் அல்லன், அரசாங்கம்! உள்நாட்டு மனித உரிமையாளர்கள் ஆபத்துக்கு நடுவே வயல் வயலாகப் போய் ஆதாரம் திரட்டினார்கள். வெளிநாட்டில் பருத்தி இயக்கம் என்ற கூட்டமைப்பு உருவாயிற்று. முந்நூறுக்கும் மேற்பட்ட ஆடை நிறுவனங்கள் உஸ்பெக் பருத்தியைத் தொடமாட்டோம் என்று உறுதி கொடுத்தன. 2012 அறுவடையில் இளம்பிள்ளைகளைப் பெருமளவில் அழைத்துப் போவது நின்றது. 2013இல் சர்வதேசத் தொழிலாளர் அமைப்பின் கண்காணிப்பாளர்கள் வயலுக்குள் நுழைந்தார்கள். பின்னர் பறிப்புக் கூலி உயர்ந்தது, 2020இல் அரசின் பருத்தி ஒதுக்கீட்டு முறையே ரத்தாயிற்று. 2022 மார்ச்சில் புறக்கணிப்பு விலக்கிக்கொள்ளப்பட்டது.

டாக்காவில் கெடுத்த ஆயுதம் உஸ்பெகிஸ்தானில் எப்படி வென்றது? அங்கே பள்ளி ஏற்கெனவே இருந்தது. ஆசிரியரும் இருந்தார், கரும்பலகையும் இருந்தது. பூட்டைத் திறந்தால் போதும். மறுநாள் காலை பிள்ளை போக ஓர் இடம் இருந்தது! ஆகவே புறக்கணிப்பு நல்லதா கெட்டதா என்று பொதுவாகக் கேட்காதீர்கள். அழுத்தம் யார் தலையில் விழுகிறது, பிள்ளைக்கு மாற்று இடம் உண்டா என்று கேளுங்கள்.

இந்தப் பாடங்களெல்லாம் உலக சட்டத்திலும் இடம்பிடித்தன. 1998 ஜனவரி 17 அன்று மணிலாவில் ஒரு நெடும்பயணம் புறப்பட்டது. கைலாஷ் சத்யார்த்தி முன்னெடுத்த உலகப் பேரணி. 103 நாடுகள் வழியே நடந்து, ஜூன் மாதம் ஜெனிவாவை அடைந்தது. சூட்டும் கோட்டுமாகப் பேராளர்கள் அமர்ந்திருந்த சர்வதேசத் தொழிலாளர் அமைப்பின் மாநாட்டு மண்டபத்துக்குள், ஒரு காலத்தில் தறியிலும் சூளையிலும் கிடந்த பிள்ளைகள் நடந்து வந்தார்கள். அடுத்த ஆண்டே, 1999இல், குழந்தைத் தொழிலின் மிகக் கொடிய வடிவங்களுக்கு எதிரான 182ஆம் உடன்படிக்கை ஒருமனதாக நிறைவேறியது. மீட்ட பிள்ளைக்கு இலவச அடிப்படைக் கல்வி என்பதையும் அது அரசுகளின் கடமையாக எழுதியது. 2020 ஆகஸ்ட் 4 அன்று டோங்கா என்ற சின்னஞ்சிறு தீவு நாடு ஏற்றதோடு, உறுப்பு நாடுகள் 187உம் ஏற்ற உடன்படிக்கை ஆயிற்று. அந்த அமைப்பின் நூறாண்டு வரலாற்றில் வேறு எந்த உடன்படிக்கைக்கும் அதுவரை கிடைக்காத பெருமை அது.

பலன் என்ன? 2000இல் உலகில் குழந்தைத் தொழிலாளர் 24.6 கோடி. 2024இல் 13.8 கோடி. கால் நூற்றாண்டில் பத்துக் கோடிக்கு மேல் குறைந்திருக்கிறது. இது சாதாரணம் அல்ல, கை தட்டலாம்! தட்டிவிட்டு அடுத்த வரியையும் கேளுங்கள். 2016க்கும் 2020க்கும் நடுவே இந்த எண்ணிக்கை 84 லட்சம் கூடியது. அசந்தால் ஏறிவிடும் எண்ணிக்கை இது. இன்றைக்கும் 5.4 கோடிப் பிள்ளைகள் ஆபத்தான வேலைகளில் இருக்கிறார்கள். 2025க்குள் முற்றாக ஒழிப்போம் என்று ஐ.நா. நிலையான வளர்ச்சி இலக்குகளில் எழுதிவைத்த கெடு, எட்டப்படாமலே கடந்துபோனது.

ஏன்? உலகத்தின் கண் தரைவிரிப்பைப் பார்க்கிறது, கால்பந்தைப் பார்க்கிறது, சட்டையைப் பார்க்கிறது. ஏனென்றால் அவை பணக்கார நாட்டுக் கடைக்குப் போகிற சரக்குகள். ஆனால் உழைக்கும் பிள்ளைகளில் 61 சதவிகிதம் பேர் இருப்பது விவசாயத்தில். பெரும்பாலும் சொந்தக் குடும்பத்தின் நிலத்தில். அந்த விளைச்சலில் எந்த முத்திரை ஒட்டுவீர்கள்? எந்தக் கடையில் மறியல் செய்வீர்கள்? கொக்கோவைப் பாருங்கள். கொக்கோத் தோட்டங்களில் குழந்தைத் தொழிலின் மிகக் கொடிய வடிவங்களை ஒழிப்போம் என்று சாக்லேட் நிறுவனங்கள் 2001இல் அமெரிக்காவில் ஓர் உறுதிமொழி கொடுத்தன. கெடு 2005 என்றார்கள், 2008 என்றார்கள், 2010 என்றார்கள். 2020இல் வெளியான ஆய்வு, கானா, ஐவரி கோஸ்ட் இரண்டு நாடுகளின் கொக்கோத் தோட்டங்களில் மட்டும் 15.6 லட்சம் பிள்ளைகள் வேலை செய்வதாகச் சொன்னது. காய்க்குக் கட்டுப்படியாகும் விலை விவசாயிக்குக் கிடைத்தால், கத்தியைப் பிள்ளை கையில் கொடுக்காமல் கூலிக்கு ஆள் வைப்பான். விலையைக் கொடுக்காமல் வாக்குறுதி மட்டும் கொடுத்தால் கெடு தள்ளிப்போகாமல் என்ன செய்யும்?

தோழர்களே, இதில் நமக்கும் பங்கு உண்டு. விடியும் முன்னே ஊர் ஊராக வந்து பிள்ளைகளை ஏற்றிப்போன சிவகாசி வட்டாரத்துத் தீப்பெட்டி ஆலைப் பேருந்துகளை உங்களில் மூத்தவர்கள் மறந்திருக்க மாட்டீர்கள். 1996 டிசம்பர் 10 அன்று உச்ச நீதிமன்றம், வழக்கறிஞர் எம்.சி. மேத்தா தமிழ்நாட்டுக்கு எதிராகத் தொடுத்த சிவகாசி வழக்கில் தீர்ப்புச் சொன்னது. ஆபத்தான தொழிலில் பிள்ளையை வைத்த முதலாளி, பிள்ளை ஒன்றுக்கு 20,000 ரூபாய் நல நிதிக்குக் கட்ட வேண்டும். அந்தக் குடும்பத்தில் பெரியவர் ஒருவருக்கு வேலை தர அரசு வழிசெய்ய வேண்டும், முடியாவிட்டால் அரசு 5,000 ரூபாய் சேர்க்க வேண்டும். அந்த நிதியின் வட்டி, பிள்ளை படிக்கும் வரை குடும்பத்துக்கு. டாக்கா ஒப்பந்தத்தில் பார்த்தோமே, அதே பள்ளி, அதே வீட்டுப் பெரியவருக்கு வேலை! அதற்கும் நாற்பது ஆண்டுகளுக்கு முன்னே, 1956இல், காமராஜர் மதிய உணவை வகுப்பறைக்குக் கொண்டுவந்தார். பசித்த பிள்ளையைச் சட்டத்தால் இழுத்துவர முடியாது, சோற்றால் அழைத்துவரலாம் என்று அறிந்த மனிதர் அவர்.

இந்தியா 138, 182 இரண்டு உடன்படிக்கைகளையும் 2017இல் ஏற்றுக்கொண்டது. ஆனால் அதற்கு முந்தைய ஆண்டுதான், பள்ளி நேரம் போகக் குடும்பத் தொழிலில் பிள்ளைகள் உதவலாம் என்று நம் சட்டத்தில் ஒரு வாசல் திறந்துவிடப்பட்டது. வீட்டுக்குள் நடப்பதை ஆய்வாளர் பார்ப்பாரா? சியால்கோட் வீடுகள் நினைவுக்கு வரவில்லையா? அந்த வாசல் அடைக்கப்பட வேண்டும் என்று இந்த மேடையிலிருந்து கேட்கிறேன்.

இனி, நீங்களும் நானும் என்ன செய்யலாம்? டீக்கடையிலோ மெக்கானிக் கடையிலோ ஒரு பிள்ளையைப் பார்த்தால் 1098க்கு அழையுங்கள். அழைத்ததோடு கடமை முடிந்தது என்று போய்விடாதீர்கள். ஒரு வாரம் கழித்து, அந்தப் பிள்ளை எந்தப் பள்ளியில் சேர்ந்தது என்று விசாரியுங்கள். ஒரு மாதம் கழித்து, இன்னும் அங்கே படிக்கிறதா என்று விசாரியுங்கள். ஆசிரியர்களே, இப்போது ஜூன் மாதம். போன ஆண்டு வருகைப் பதிவேட்டில் இருந்து இந்த ஆண்டு காணாமற்போன பெயர்களை எடுத்து, கிராம சபையில் உரக்க வாசியுங்கள். ஒவ்வொரு பெயருக்கும் ஊர் பதில் சொல்லட்டும். தொழிற்சங்கத் தோழர்களே, பெரியவர்களின் குறைந்தபட்சக் கூலிக்காக நீங்கள் நடத்தும் ஒவ்வொரு போராட்டமும் ஒரு பிள்ளையைப் பள்ளியில் தங்கவைக்கும் போராட்டம் என்பதை மறவாதீர்கள். வாக்காளப் பெருமக்களே, அடுத்த முறை ஓட்டுக் கேட்டு வருகிறவரிடம் சாலையையும் சாக்கடையையும் கேட்கும்போது, நம் ஊரில் பள்ளியை விட்ட பிள்ளைகள் எத்தனை பேர், அவர்களுக்கு உங்கள் திட்டம் என்ன என்பதையும் சேர்த்துக் கேளுங்கள்.

பள்ளி, பெற்றோருக்குக் கட்டுப்படியாகும் கூலி, விடாத கண்காணிப்பு. இந்த மூன்றும் சேர்ந்த இடத்தில் உலகம் வென்றிருக்கிறது. ஒன்று குறைந்த இடத்தில் தோற்றிருக்கிறது. மூன்றுக்கும் பணம் வேண்டும், ஆள் வேண்டும், கேட்கிற குரல் வேண்டும். பணத்தையும் ஆளையும் அரசாங்கம் தரட்டும். தரும்வரை கேட்கிற குரல் நம்முடையதாக இருக்கட்டும்!